முதுமையும் தியானமும்

விருத்தாப்பியத்தில் உடல் தளர்வதை யாவரும் அறிவர். உள்ளம் தளர்வதை வீட்டிலுள்ளோரும் கவனிப்பதில்லை. உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், எவரோடும் பேச விருப்பமின்மை ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. அது சிகிச்சைக்குரிய வியாதி.

இதற்குத் துணைச் சிகிச்சையாக மேல்நாட்டு வைத்தியர்கள் கைக்கொண்டிருக்கும் தியானம் நமக்குப் புதிதன்று. மூச்சையும், உடலின் உணர்ச்சிகளையும், தோன்றி மறையும் எண்ணங்களையும் விருப்பு வெறுப்பின்றிக் கவனித்திருத்தலே அது. பௌத்தர்கள் பாலி மொழியில் 'ஸதி' என்றழைத்த இப்பயிற்சி, பர்மாவில் போற்றப்பட்டு, 1969-ல் கோயங்கா மூலமாக மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. 1979-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையில் ஜான் கபாட்-ஜின் என்பார் இதனை மதச் சார்பின்றி எட்டு வாரப் பாடமாக வகுத்தார். "எல்லாம் நம்முடையதே" என்று பெருமை பேசும் நண்பர்கள், அதன் பயனைப் பரிசோதித்து அளவிட நாம் செய்தது என்ன என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக.

பரிசோதனைகள் கூறுவது யாது? அமெரிக்காவில் 55 முதல் 85 வயது வரையுள்ள 40 பேரைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சியில், இப்பாடத்தைப் பயின்றோரின் தனிமையுணர்ச்சி குறைந்தது. 65 முதல் 84 வயது வரையுள்ள 585 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியிலோ, ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஞாபகசக்தி விசேஷமாக விருத்தியடையவில்லை. ஆகவே, தியானத்தால் மறதி நோய் தீருமென்று பணம் பறிப்போரை நேயர்கள் நம்ப வேண்டாம். வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் அபாயம். உள்ள பயன் சிறிதாயினும் மெய்யானது, செலவோ அற்பம்.

2010-ல் ஏற்பட்ட தேசிய முதியோர் சுகாதாரத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாள் முதியோருக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. அந்நாளில் இப்பயிற்சியைத் தமிழில், இலவசமாக, நாற்காலியில் அமர்ந்தபடியே கற்பிக்கலாகாதா? பத்துப் பேர் கூடிப் பயில்வதே தனிமைக்குப் பாதி மருந்தன்றோ?

ஆனால் சர்க்கார் இதனை ஒரு சாக்காகக் கொள்வதை நாம் ஒப்போம். முதியோர் உதவித் தொகையில் 80 வயதுக்குட்பட்டோருக்கு மத்திய சர்க்காரின் பங்கு மாதம் 200 ரூபாயாகப் பல ஆண்டுகள் அசையாமல் நின்றதை நாடறியும். பசித்தவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது பரிகாசமேயாகும். பெற்றோரைப் பேணுமாறு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007-ல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது நமக்கெல்லாம் தலைகுனிவு. கண்களை மூடி அமரும்படி முதியோருக்குச் சொல்லுமுன், நாம் கண் திறந்து அவர்களைப் பார்ப்போமாக.