அலைக்கற்றை யார் வீட்டுக் கிணறு?

போன வாரம் எங்கள் காலனி அக்கா ஒருவர், மகளின் கல்வி உதவித்தொகைக்குப் பதிவு செய்ய பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு அழாத குறையாகத் திரும்பி வந்தார். "ஆதார்ல இருக்கற நம்பருக்குத்தான் ஓடிபி போகுமாம் தம்பி. அந்த நம்பர இப்ப வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்" என்றார். நாலைந்து மாதமாக வேலை சரியில்லை, ரீசார்ஜ் போடவில்லை. முதலில் அவுட்கோயிங் நின்றது, பிறகு இன்கமிங் நின்றது, கடைசியில் நம்பரே போய்விட்டது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எல்லாக் கம்பெனியிலும் இதுதான் நடக்கிறது.

கேட்டால், "உலகத்திலேயே இந்தியாவில்தான் டேட்டா மலிவு" என்று மார்தட்டுவார்கள். நூறு கோடிக்கு மேல் இணைப்புகள் என்று கணக்குக் காட்டுவார்கள். ஒரு ஜிபி என்ன விலை என்று அந்த அக்கா கேட்கவில்லை. எனக்கு ஒரு போன் வர வேண்டும், ஒரு ஓடிபி வர வேண்டும், அதற்கு என்ன விலை என்றுதான் கேட்கிறார். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் 'லைஃப்டைம்' சிம் வாங்கி, பத்து ரூபாய் டாப்-அப் போட்டுக்கொண்டு, இன்கமிங்கை மட்டும் வைத்தே நம் சனங்கள் காலம் தள்ளினார்கள். மிஸ்டு கால் கொடுத்தே மேஸ்திரியிடம் வேலை கேட்டார்கள். 2018 இறுதியில் அந்தக் கதவு மூடப்பட்டது. இன்கமிங் வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டாக வேண்டும் என்றார்கள். அந்த 35, ஏர்டெல்லில் 45, 79, 99, 155 என்று ஏறி 2024 ஜூலையில் 199-இல் வந்து நின்றது. ஆறே வருடத்தில் ஐந்து மடங்குக்கு மேல்! இந்த ஆறு வருடத்தில் யாருடைய கூலி ஐந்து மடங்கு ஏறியது?

மாதக் கணக்கு வைக்காமல் 28 நாள் கணக்கு வைத்ததால் வருடத்துக்கு 12 ரீசார்ஜ் அல்ல, 13 ரீசார்ஜ். 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய். ஒரே ஒரு போனை உயிரோடு வைத்திருக்க எட்டு நாள் கூலி! அதுவும் அறிவித்த கூலி முழுசாகக் கைக்கு வந்தால்.

"வேண்டாமென்றால் போனை விட்டுவிடலாமே?" என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். விட முடியாதபடி செய்தது யார்? கேஸ் மானியம், வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றையும் ஆதாரோடும் செல்போனோடும் கட்டிப்போட்டது அரசு. நூறு நாள் வேலையின் வருகைப்பதிவைக்கூட 2023 ஜனவரி முதல் செல்போன் செயலிக்குள் தள்ளினார்கள். சிக்னல் இல்லாமல் போட்டோ ஏறவில்லை என்றால் மண் வெட்டியவருக்கு அன்றைய வருகை கேள்விக்குறி. உரிமையைப் போனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தனியாரிடம் கொடுத்திருக்கிறார்கள். ரீசார்ஜ் என்பது இன்று செலவு அல்ல, ஏழை மேல் போடப்பட்ட வரி.

எதிர்ப்புக் கிளம்பியதும், டேட்டா இல்லாமல் பேசுவதற்கும் மெசேஜுக்கும் மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கம்பெனிகள் என்ன செய்தன? 84 நாள், 365 நாள் என்று பெரிய பொட்டலமாகக் கட்டின. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய். அன்றாடங்காய்ச்சி ஒரே நாளில் 469 ரூபாய்க்கு எங்கே போவார்? உத்தரவு காகிதத்தில் நிறைவேறியது, ஏழையின் பாக்கெட்டில் நிறைவேறவில்லை.

இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறது? போட்டி இல்லாததால் வருகிறது. 2018இல் ஏர்செல் திவாலாகி, தமிழ்நாட்டில் சிக்னல் இல்லாமல் லட்சக்கணக்கானோர் நம்பரை மாற்றக் கடைகளில் அலைந்தது நினைவிருக்கும். ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்த நாட்டில் இன்று மிஞ்சியிருப்பவை தனியார் மூன்று, அரசின் பிஎஸ்என்எல் ஒன்று. ஜியோவும் ஏர்டெல்லும் சேர்ந்து எழுபது சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கின்றன. இவர்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய பிஎஸ்என்எல்லின் கையைக் கட்டிப்போட்டார்கள். ஜியோ 2016இல் 4ஜியோடு இறங்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்கும் முடிவே 2019 அக்டோபரில்தான் வந்தது. அதன் 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கிவைத்தது 2025 செப்டம்பரில். காலை உடைத்துவிட்டு, ஓடத் தெரியவில்லை என்று ஏளனம் செய்வதற்குப் பெயர் திறமையா?

இதில் நமக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. தொலைபேசித் துறையில் லைன்மேனாக, ஆபரேட்டராக, ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து, சேரியிலிருந்து முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு கொடுத்த வாழ்வு அது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பிஎஸ்என்எல்லிலிருந்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். ஆள் போனதோடு, அந்த இடங்களில் நம் பிள்ளைகளுக்கு இருந்த பங்கும் போனது. தனியாரிடம் இடஒதுக்கீடு கிடையாது. கேபிளுக்குக் குழி தோண்டவும் டவரில் ஏறவும் ஒப்பந்தக் கூலியாக மட்டும் நாம் வேண்டும். டவர் வாடகையாவது கிடைக்குமா என்றால், அதற்கு நிலம் வேண்டும். ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது?

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியது, அது பொதுச்சொத்து என்பதால்தான். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று 1947இலேயே எழுதிவைத்தவர் அண்ணல். அப்படியானால் இந்தக் குளத்துக்கு வேலி போட்டு, தண்ணீருக்குக் காசு கேட்க இவர்கள் யார்?

நாம் கேட்பது சலுகை அல்ல. ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஒரு வருடத்துக்கு இன்கமிங்கும் அரசு ஓடிபியும் நிற்கக் கூடாது. பேச மட்டுமான திட்டம் மாதக் கணக்கில், சில்லறை விலையில் வேண்டும். பிஎஸ்என்எல் டவர் நம் குடியிருப்புகளுக்கு முதலில் வர வேண்டும். பொது அலைக்கற்றையில் தொழில் செய்யும் எந்தக் கம்பெனியும் வேலையில் இடஒதுக்கீடு தர வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் பகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை, சாக்கடையோடு இதையும் கேளுங்கள். அந்த அக்காவின் மகள் இன்னும் ஓடிபிக்குக் காத்திருக்கிறாள்.

ஜெய்பீம்!