விடுதலை தரும் கல்வி

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதாகும். இக்கேள்வி தவறன்று. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து அந்தமானுக்கு வந்த குடும்பங்களில், இக்கேள்விக்குப் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கிறது. ஆயினும் கல்லூரிக் கல்வியை அந்த ஒரு கேள்வியால் மட்டும் அளத்தல் போதாது.

ஒரு துறையை ஆழமாகக் கற்பதோடு இலக்கியம், வரலாறு, மெய்யியல், கணிதம், அறிவியல் முதலிய பிற துறைகளிலும் பயிற்சி பெறுவதே பரந்த கல்வி. ஆங்கிலத்தில் இதனை 'லிபரல்' கல்வி என்பர். அச்சொல், 'உரிமையுடையவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அடிமை முறை நிலவிய பண்டைய உரோமில், உரிமையுள்ள குடிமக்களுக்கு உரிய கல்வியாக அது கருதப்பட்டது.

பத்துபஸ்தி மாணவர்க்கு அதன் அருமையை உணர்த்தும் சான்று தொலைவில் இல்லை. ஸ்ரீ விஜயபுரம் என இன்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரின் செல்லுலார் சிறையே அது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில் கைதிகள் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டனர்; செக்கிழுக்கவும் தேங்காய் நார் உரிக்கவும் பணிக்கப்பட்டனர். 1933 மே மாதத்தில் அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். நல்ல உணவும் விளக்கும் கேட்டதோடு நூல்களும் செய்தித்தாள்களும் வேண்டும் என்றனர். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. நூல்கள் கைக்கு வந்ததும் கைதிகள் தமக்குள் வகுப்புகள் அமைத்து வரலாறு, பொருளியல், அரசியல் ஆகியவற்றைக் கற்றனர். அப்படிப்பால் அவர்களுக்கு வேலை எதுவும் கிடைக்கப்போவதில்லை. எனினும் உணவுக்கு நிகராக நூலையும் கேட்டனர்.

தொழிற்கல்வி பெறுவோருக்கும் பரந்த கல்வி தேவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளின் பல ஊர்களை அழித்தது. வீடிழந்தோர்க்கு முதலில் தகரக் குடியிருப்புகளும் பின்னர் நிலையான வீடுகளும் கட்டித் தரப்பட்டன. தகரம் தீவின் வெயிலில் தகித்தது. புதிய வீடுகள் தனிக்குடும்பங்களுக்கென அமைந்தன. நிக்கோபார் மக்களோ 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்து வந்தவர்கள். சுவரின் வலிமையைக் கணக்கிடப் பொறியியல் போதும். அவ்வீட்டில் வாழப்போவோர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பதை அறிய மானிடவியலும் வரலாறும் மொழியறிவும் வேண்டும்.

"இக்கல்வி வசதியுடையோர்க்கே பொருந்தும்" என்பர் சிலர். உண்மை அதற்கு மாறானது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நூல்களும் பயணங்களும் வீட்டிலேயே வாய்த்துவிடும். உழைப்பாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கல்லூரியுமே அவற்றுக்கு வாயில். அவ்வாயிலையும் அடைத்து, "உனக்குத் தொழில் மட்டும் போதும்" என்பது அநீதியாகும்.

இந்நகரில் 1967-இல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியில் கலைப் பாடங்களும் அறிவியல் பாடங்களும் கற்பிக்கப்படுகின்றன. எக்கல்லூரியில் சேர்ந்தாலும் முதலாண்டு மாணவர் தம் பாடத்திற்கு அப்பாலும் நூலகத்தில் கை நீட்ட வேண்டும். வணிகவியல் பயில்பவர் தீவுகளின் வரலாற்றைப் படிக்கலாம். விலங்கியல் பயில்பவர் தமிழ் இலக்கியத்தைக் கற்கலாம். வேலைக்கான படிப்பு ஊதியத்தைத் தரும். அவ்வேலை யாருக்குப் பயன்பட வேண்டும் என எண்ணும் அறிவைப் பரந்த கல்வியே தரும்.

சிந்தித்து எழுதுக

1. செல்லுலார் சிறைக் கைதிகள் நூல்களைக் கேட்டது ஏன் என நீங்கள் கருதுகிறீர்கள்?
2. நிக்கோபாரில் கட்டப்பட்ட வீடுகளிலிருந்து பொறியாளர் ஒருவர் கற்க வேண்டியது யாது?
3. "என்ன வேலை கிடைக்கும்?" என்னும் கேள்விக்கு உங்கள் விடையைப் பத்து வரிகளில் எழுதுக.