ஜெயில் சரி, பணம் எங்கே?

ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகப் பொய்க் கணக்கு எழுதி வந்ததை 2009 ஜனவரி 7-ந் தேதி தாமே ஒப்புக்கொண்டார். கையிருப்பாகக் காட்டிய பணத்தில் 5 ஆயிரத்து 40 கோடி ரூபாய் வெறும் கற்பனை. அன்று ஒரே நாளில் அந்தப் பங்கின் விலை கால்வாசிக்குச் சரிந்தது. ஊரில் வீடு கட்டவும் மகள் கல்யாணத்துக்கும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

2015 ஏப்ரலில் ஐதராபாத் தனிக் கோர்ட்டு ராஜுவுக்கு 7 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே அப்பீலில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, ஜாமீன் கிடைத்தது.

பணம் என்ன ஆயிற்று? அதே கம்பெனியின் பங்குகளை அமெரிக்காவில் வாங்கியவர்கள் ஒன்றுகூடி வழக்குப் போட்டார்கள். 2011-ல் கம்பெனி பன்னிரண்டரை கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. கணக்குத் தணிக்கை செய்தவர்கள் தனியாக இரண்டரை கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்பினார்கள். இந்தியாவில் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு நஷ்டஈடு கிடைக்கவில்லை. பங்குதாரர்கள் கூட்டாக நஷ்டஈடு கேட்கக் கம்பெனிச் சட்டத்தில் அப்போது வழி இல்லை.

சட்டத்தை மீறிய டைரக்டர்கள் மீது சாதாரணப் பங்குதாரர் தாமே வழக்குத் தொடர முடியுமா? பாதி முடியும். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 439-வது பிரிவுப்படி ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். 1956-ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. ஆனால் பெரிய குற்றமான மோசடிக்கு, அதாவது 447-வது பிரிவுக்கு, இந்தக் கதவு மூடப்பட்டுள்ளது. மத்திய சர்க்காரின் மோசடிப் புலனாய்வு அலுவலக டைரக்டரோ, அதிகாரம் பெற்ற சர்க்கார் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் தனிக் கோர்ட்டு விசாரிக்கும். கோழி திருடியவன் மீது புகார் கொடுக்கலாம், யானை திருடியவன் மீது கொடுக்கக் கூடாது என்பது போல் இருக்கிறது இது!

போட்டிக் கம்பெனிக்காரர்கள் பொய் வழக்குப் போட்டுத் தொல்லை கொடுப்பார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக நஷ்டப்பட்டவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கலாமா? பங்குதாரர் எழுதிக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் சர்க்கார் நடவடிக்கை எடுக்காவிட்டால், டிரிபியூனலின் அனுமதி பெற்று அவரே வழக்குத் தொடரச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நஷ்டஈட்டுக்கு 245-வது பிரிவு 2016 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. 100 பங்குதாரர்கள் அல்லது மொத்தப் பங்குதாரர்களில் நூற்றுக்கு ஐந்து பேர், எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால் கம்பெனி மீதும், டைரக்டர்கள் மீதும், தணிக்கையாளர் மீதும் டிரிபியூனலில் நஷ்டஈடு கேட்கலாம். இதிலும் பாங்கிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். அதை நீக்க வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. தனி ஆள் குரல் கம்பெனியின் காதில் விழாது. பங்கு வாங்கிய ரசீதையும் ஆண்டறிக்கையையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கத்தில் ஒன்றுசேரத் தெரிந்த தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் நூறு பேரைத் திரட்டுவது பெரிய காரியம் அல்ல.

குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது சர்க்காரின் கடமை. பறிபோன பணத்தைக் கேட்பது பறிகொடுத்தவரின் உரிமை. இரண்டும் நடந்தால்தான் நீதி முழுமை பெறும்.