அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டை கேட்கப்படுவது ஏன்?

"அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசந்தானே, பிறகு அட்டை எதற்கு?" என்ற ஐயம் உள்நோயாளியாகச் சேரும் பலருக்கு எழுகிறது. அட்டை இல்லாதவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. எனினும் அட்டை கேட்கப்படுவதற்குத் தக்க காரணம் உள்ளது.

தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. 2018-இல் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை பெறலாம். காப்பீட்டுக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கான செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. ஏனைய குடும்பங்களுக்கான செலவு முழுவதும் மாநில அரசைச் சார்ந்தது.

சிகிச்சைத் தொகை உங்கள் கைக்கு வராது. சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கே செல்லும். அது அரசு மருத்துவமனையாயினும் தொகை உண்டு. அத்தொகை அம்மருத்துவமனையின் கருவிகள், வசதிகள் ஆகியவற்றுக்கும் பணியாளர் ஊக்கத்தொகைக்கும் பயன்படுகிறது. ஆகவே, நீங்கள் அட்டையைக் காட்டும்போது அடுத்து வரும் நோயாளிக்கும் உதவுகிறீர்கள்.

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பத்தினர் இதில் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு இவ்வருமான வரம்பு இல்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தை அணுகுக. குடும்ப அட்டையில் பெயர் உள்ளவரே பயன்பெற இயலும் என்பதால், புதுமணப்பெண், குழந்தை ஆகியோரின் பெயர்களைக் காலத்தே சேர்த்துவிடுவது நலம்.

இத்திட்டத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவை ஏற்கும் இத்திட்டம், புறநோயாளியாக மாதந்தோறும் வாங்கும் மருந்துகளின் செலவை ஏற்பதில்லை. ஏழைக் குடும்பங்களைச் சிறிது சிறிதாகக் கடனில் ஆழ்த்துவது பெரும்பாலும் இச்செலவே. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்வழி அவை இல்லத்திற்கே கொண்டுவரப்படுகின்றன. காப்பீடு தாங்காத சுமையை இச்சேவைகளே தாங்குகின்றன. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துக.

தனியார் மருத்துவமனையை நாடுவோர், அது இத்திட்டத்தில் இணைந்துள்ளதா என்பதையும், தேவைப்படும் சிகிச்சை அங்கே அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் சேர்வதற்கு முன்பே கேட்டறிக. அவசரமற்ற சிகிச்சைக்குக் காப்பீட்டு முன்அனுமதி தேவை. அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்கப்பட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடுக. நோய் வந்தபின் சான்றிதழுக்காக அலைவதைத் தவிர்க்க, நலமாக இருக்கும்போதே அட்டையைப் பெற்று வைத்திருங்கள்.