ஓடாத விளையாட்டுக்கு யார் பொறுப்பு?

கடையில் வாங்கிய மின்விசிறி சுழலவில்லை என்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய கணினி விளையாட்டு திணறினால் மட்டும், நம் கணினி பழையதாகிவிட்டது என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பல நேரங்களில் குறை கணினியில் இல்லை.

2015 ஜூனில் வெளியான ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டின் கணினிப் பதிப்பு, சில நாள்களிலேயே விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அக்டோபரில்தான் அது மீண்டும் கடைக்கு வந்தது. 2023 மார்ச் 28 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கணினிக்கு வந்தபோதும் இதே புகார்கள். ஆனால், இம்முறை விற்பனை நிற்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் காத்திருக்க, திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

இவை கன்சோலுக்காக உருவாக்கப்பட்டுக் கணினிக்கு மாற்றப்படுபவை. பிளேஸ்டேஷன் 5 கருவிகள் ஒரே வகை வன்பொருள் கொண்டவை என்பதால், காட்சிகளை வரையும் ‘ஷேடர்’ என்னும் சிறு நிரல்களை நிறுவனமே முன்கூட்டித் தயாரித்துவிடலாம். கணினியிலோ ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் ஏற்றவாறு, வாங்கியவரின் கணினியே அவற்றைத் தயாரித்தாக வேண்டும். கன்சோலில் 16 ஜிபி நினைவகத்தைச் செயலியும் கிராபிக்ஸ் பகுதியும் பகிர்ந்துகொள்கின்றன. கணினியில் இரண்டுக்கும் தனித்தனி நினைவகம். அதற்கேற்ப மாற்றி எழுதாவிட்டால் 8 ஜிபி கார்டும் மூச்சுத் திணறும். இதெல்லாம் தயாரிப்பாளர்கள் அறியாததல்ல. வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைக்க மனமில்லை என்பதே என் கணிப்பு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் அறிந்த வீடுகளில் கன்சோல் அரிது. இருப்பது ஒரே கணினி. கல்லூரிப் பாடமும் வேலைக்கான விண்ணப்பமும் விளையாட்டும் அதில்தான். ஒரு விளையாட்டுக்காகப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது அந்த வீடுகளில் நடக்கிற காரியமல்ல.

பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதே என்பார்கள். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் தளம் பணத்தைத் திருப்பித் தரும். நல்ல விதிதான். ஆனால், ‘லாஸ்ட் ஆஃப் அஸ்’ வெளியானபோது ஷேடர் தயாரிப்புக்கே பலரது கணினிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன. திரையில் விழுக்காடு ஊர்ந்துகொண்டிருந்த அந்த நேரமும் விளையாடிய நேரமாகவே கணக்கிடப்பட்டது! பழைய கணினி வைத்திருப்பவருக்கே இந்தக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. ஆயத்த நேரத்தைக் கழித்துக் கணக்கிடுவது தொழில்நுட்பரீதியாகப் பெரிய வேலையல்ல.

நம் சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்வணிகம் என்பதற்குள் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்திருக்கிறது. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துகின்றன. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம் என்பதால், திண்டிவனத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தை அணுகினால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

எது குறைபாடு என்று எப்படி நிறுவுவது? விற்பனைப் பக்கத்திலேயே ‘குறைந்தபட்சத் தேவை’ என்று செயலி, கார்டு, நினைவகம் எல்லாவற்றையும் நிறுவனம் பட்டியலிடுகிறது. அது விளம்பரமல்ல, வாக்குறுதி என்றே நான் வாசிக்கிறேன். வாங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.