ஆள் வந்தாச்சு, ஃபைல் எங்கே?

பிளேஸ்மென்ட் சீசன் முடிந்த வாரம் அது. ஆஃபர் வந்தவர்கள் ட்ரீட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வராத நாங்கள் அந்த ட்ரீட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் டெலிகிராமில் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்', இடம் பாங்காக். இங்கிலீஷ் தெரிந்தால் போதும், டைப்பிங் வேகமா வரணும், டிக்கெட்டும் தங்குமிடமும் கம்பெனி செலவு. சம்பளம், எங்க டிபார்ட்மென்டில் வந்த பெரிய ஆஃபரைவிட இரண்டு மடங்கு. பொய் சொல்ல மாட்டேன், ரெஸ்யூமை அட்டாச் பண்ணிட்டேன். அனுப்பும் முன்னாடி ரூம்மேட் எட்டிப் பார்த்து, "டேய், அந்தப் போஸ்ட் பேரை அப்படியே கூகுள்ல போடு" என்றான்.

போட்டேன். 2022 செப்டம்பர் 24-ம் தேதி நம் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட எச்சரிக்கை வந்து நின்றது. ஐ.டி. தெரிந்த இந்திய இளைஞர்களைத் தாய்லாந்தில் இதே பேரில் வேலை என்று கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று இருந்தது. பதவிப் பேரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இத்தனை வருஷமா டெம்ப்ளேட்டைக்கூட மாத்தாமல் ஆள் பிடிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு யார் மேலயும் பயம் இல்லை என்றுதான் அர்த்தம். ஏன் பயம் இல்லை? இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

போனால் என்ன நடக்கும் என்று உங்களில் பலர் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. பாங்காக் ஏர்போர்ட்டிலிருந்து வண்டியில் மே சோட் என்கிற எல்லை ஊர். அங்கே மோய் ஆறு. எதிர்க்கரை மியான்மரின் மியாவடி. கே.கே. பார்க் மாதிரியான வளாகங்கள் அந்தக் கரையில்தான் வளர்ந்தன. உள்ளே போனதும் பாஸ்போர்ட் போய்விடும். அதற்கப்புறம் வேலை என்பது, பொய்யான ப்ரொஃபைலில் யாரோ ஒருத்தரோடு வாரக்கணக்கில் பேசி, நட்போ காதலோ என்று நம்பவைத்து, போலி கிரிப்டோ ஆப்பில் பணம் போடவைப்பது. டார்கெட் முடிக்கலைன்னா அடி. 2023-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கொடுத்த கணக்குப்படி, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள்.

மீட்பு நடக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுப் பையன்கள் 13 பேர் மியாவடியிலிருந்து சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டில் 549 இந்தியர்கள் வந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் மியான்மர் ராணுவம் கே.கே. பார்க்குக்குள் நுழைந்ததும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் ஆற்றைத் தாண்டி மே சோட்டுக்கு ஓடினார்கள். நவம்பரில் மறுபடி விமானம் போனது. அந்த விமானங்களை அனுப்பியவர்களுக்கு நன்றி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும். விமானம் அனுப்புவது மீட்பு. அதைக் குற்றத்துக்கு எதிரான 'சர்வதேச ஒத்துழைப்பு' என்று செய்தியில் சொல்லும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆளைக் கூட்டிட்டு வந்தாச்சு. அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அடுத்த வாரம் இன்னொருத்தன் உட்காருவான்.

இப்படி யோசிச்சுப் பாருங்க. கோயம்புத்தூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பி.எஃப். பணத்தை ஆன்லைன் டிரேடிங் என்று நம்பிப் போட்டு இழக்கிறார். 1930-க்கு போன் பண்ணுகிறார், சைபர் கிரைமில் எஃப்.ஐ.ஆர். ஆகிறது. அதே சமயத்தில் தென்காசியில் ஒரு அம்மா, தாய்லாந்து போன மகனிடமிருந்து போனே இல்லை என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறார். அந்த மகன்தான் வாத்தியாரோடு சாட் பண்ணியவன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபைல் மோசடி, இன்னொன்று ஆள்கடத்தல். ஒரே கட்டடத்தில், ஒரே மேஜையில் நடந்த ஒரே குற்றம் இரண்டு ஃபைலாக இரண்டு ஊரில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டக்கூடிய ஒரே ஆள் அந்தப் பையன். அவனுக்கு மேனேஜர் யார் என்று தெரியும், எந்த வாலட்டுக்குப் பணம் போச்சு என்று தெரியும், எந்த ஸ்கிரிப்டை காப்பி பேஸ்ட் பண்ணினான் என்பதுகூடத் தெரியும்.

அவன் அதை முழுசாகச் சொல்லுவானா? நானா இருந்தா யோசிப்பேன். சொன்னால், "ஆமா சார், ஏமாத்தினது நான்தான்" என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பாதிக்கப்பட்டவனும் அவனே, குற்றம் செய்த கையும் அவனுடையதே. கடத்தப்பட்ட நிலையில் செய்யவைக்கப்பட்ட குற்றத்துக்கு அந்த ஆளைத் தண்டிக்கக்கூடாது என்பது ஆள்கடத்தல் பற்றிய ஐ.நா. வழிகாட்டுதல்களில் ரொம்ப நாளாக இருக்கிற கொள்கைதான். நம் பி.என்.எஸ். 143-வது பிரிவும், கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா என்பது கணக்கில் வராது என்கிறது. ஆனால் அதிகாலையில் விமானத்திலிருந்து இறங்கி, சுற்றி யூனிஃபார்ம் நிற்கும்போது, இந்தப் பிரிவு எண்ணெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? ஏஜென்ட் பேரை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். ஏஜென்ட்டுகள் மேல வழக்கும் போடுகிறார்கள், கைதும் செய்கிறார்கள். ஏஜென்ட் யாரு? ஊரில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், போன வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன். கட்டடத்தின் ஓனர் வரைக்கும் அந்த வழக்கு ஏறுவதில்லை.

ஏறணும்னா வெளிநாட்டுச் சாட்சியம் வேணும். அது எப்படி வரும் என்று தேடிப் படித்தேன். (நெட்வொர்க்ஸ் பேப்பரில் ரூட்டிங் படித்தவர்களுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும், கஷ்டமாகவும் இருக்கும்.) விசாரணை அதிகாரி மேலதிகாரிக்கு எழுதணும். அங்கிருந்து மாநில அரசு, அங்கிருந்து டெல்லியில் உள்துறை அமைச்சகம். அவர்கள் சரி என்றதும், பி.என்.எஸ்.எஸ். 112-வது பிரிவின் கீழ் நம் நீதிமன்றம் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் தரும். அது அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்க்கப்பட்டு, மறுபடி டெல்லி வழியாக அந்த நாட்டு அரசுக்கு, அவர்களுடைய நீதிமன்றத்துக்கு, கடைசியில் ஒரு லோக்கல் போலீஸ்காரர் மேஜைக்கு. பதில் அதே வழியில் திரும்பணும். பணமோ முதல் சில மணி நேரத்திலேயே நாலு அஞ்சு மியூல் அக்கவுண்ட் தாண்டி யூ.எஸ்.டி.டி. ஆகி வெளியே போயிருக்கும். சர்வர் லாக் எத்தனை நாள் இருக்கும் என்று கிளவுடு லேபில் உட்கார்ந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?

சரி, எல்லாம் வேகமாகப் போச்சு என்றே வைங்க. கடிதத்தை யாருக்கு எழுதுவது? பரஸ்பர சட்ட உதவிக்காக மியான்மரோடு இந்தியா 2010-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பேப்பரில் எல்லாம் பக்கா. ஆனா மியாவடி வளாகங்கள் இருந்த இடம் கரென் ஆயுதக்குழு ஒன்றின் பிடியில் இருந்தது. தலைநகர் நேப்பிடாவில் ஒருத்தர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், ஆற்றங்கரையில் யார் கதவைத் திறப்பார்? மே சோட் கரையில் நின்றால் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். பார்க்கிற தூரம்தான். ஃபைலுக்கு மட்டும் அது பாங்காக், டெல்லி, நேப்பிடா என்று சுத்திப் போகிற தூரம்.

உண்மையில் அங்கே ஏதாவது அசைந்தது எப்போது? 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர் மே சோட்டில் காணாமல் போய் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டார். சீன டூரிஸ்ட்டுகள் டிக்கெட்டைக் கேன்சல் பண்ண ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 5-ம் தேதி தாய்லாந்து அந்த எல்லைப் பகுதிகளுக்குப் போய்க்கொண்டிருந்த கரண்ட், எரிபொருள், இன்டர்நெட்டை நிறுத்தியது. அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். மார்ச்சில் நம்ம 549 பேர் வந்ததும் இதன் தொடர்ச்சிதான். அவ்வளவு நாளும் அந்த மோசடிக்குக் கரண்ட் எங்கிருந்து போனது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. வடக்கே லௌக்காயில் மோசடி நடத்திய மிங் குடும்ப வழக்கில் 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. வலுவான நாட்டின் அழுத்தம் வேலை செய்கிறது. மரண தண்டனை கொடுக்கும் அந்த முறை எனக்கு வேண்டாம். ஆனா தென்காசி அம்மாவுக்கு அந்த அழுத்தமும் இல்லை, சட்டமும் இல்லை.

இதை வேற மாதிரி செய்கிற இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் 'கூட்டு விசாரணைக் குழு' என்று ஒன்று உண்டு. இரண்டு நாட்டுப் போலீஸும் வழக்கறிஞர்களும் ஒரு ஒப்பந்தம் போட்டு ஒரே டீமாக உட்கார்ந்தால், ஒவ்வொரு சாட்சியத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். 2020-ல் பிரான்ஸும் நெதர்லாந்தும் அப்படிச் சேர்ந்துதான் என்க்ரோசாட் என்ற குற்றவாளிகளின் ரகசியப் போன் நெட்வொர்க்கை உடைத்தன. 2023 நடுவில் யூரோபோல் கொடுத்த கணக்கு: 6,558 கைது, கிட்டத்தட்ட 90 கோடி யூரோ பறிமுதல் அல்லது முடக்கம். இரண்டு ஃபைலும் ஒரே மேஜையில் இருந்தால் இது நடக்கும்.

அங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. போனுக்குள் எப்படி நுழைந்தோம் என்பது ராணுவ ரகசியம் என்று பிரான்ஸ் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல்கள், எப்படி எடுத்தீங்க என்றே தெரியாத சாட்சியத்தை நாங்க எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று நாடு நாடாகக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் எல்லாவற்றையும் வேகமாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பணத்தை முடக்குவதும் லாக்கைப் பத்திரப்படுத்துவதும் மணிக்கணக்கில் நடக்கணும். ஒரு மனுஷனைப் பிடித்து இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பது மெதுவாக, நீதிபதி முன்னாடி நடக்கட்டும். இப்போ நம்ம ஊரில் இரண்டும் ஒரே வேகத்தில், அதாவது மெதுவாக நடக்கிறது.

தமிழில் இதை எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சிக்கல். ஆளைத் தூக்கிட்டுப் போனால் 'கடத்தல்'. சட்டப்படி ஒப்படைத்தால் 'நாடு கடத்தல்'. விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்பினாலும் 'நாடு கடத்தல்'தான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குத்தான் வார்த்தை தெரியலை என்று நினைத்து எடிட்டரிடம் கேட்டேன். அவருக்கும் வேற வார்த்தை கிடைக்கலை. 'ரெட் நோட்டீஸ்' கதை இதைவிட மோசம். சினிமாவில் அது வந்தாலே வில்லன் ஏர்போர்ட்டில் மாட்டுவான். நிஜத்தில் இன்டர்போல் யாரையும் கைது செய்யாது. 196 நாடுகளுக்கும், இவரைக் கண்டால் பிடித்து வையுங்கள் என்று வைக்கிற கோரிக்கைதான் அது. பிடிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். நம் பக்கம் இன்டர்போலோடு பேசுவது சி.பி.ஐ. 2025 ஜனவரியில் வந்த பாரத்போல் போர்ட்டல் வழியாக இப்போது மாநிலப் போலீஸும் ஆன்லைனில் கோரிக்கை அனுப்பலாம். நல்ல விஷயம். டெல்லி வரைக்கும் ரோடு போட்டாச்சு.

நான் கேட்பது பெரிய ஒப்பந்தம்கூட இல்லை. அடுத்த விமானம் வரும்போது, இறங்குகிறவர்களிடம் முதலில் ஒரு வக்கீலும், அவங்க மொழி தெரிந்த ஒருத்தரும் பேசட்டும். 'நீ சொல்வதை உன் மேலேயே திருப்ப மாட்டோம்' என்று எழுத்தில் கொடுக்கட்டும். அப்புறம் வாலட் முகவரி, சாட் ஸ்கிரிப்ட், மேனேஜர் பேர் எல்லாவற்றையும் வாங்கி 1930-ல் குவிந்து கிடக்கிற புகார்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எஸ்.கியூ.எல். லேபில் நாம் எழுதிய ஜாயின் மாதிரி வேலைதான் இது. ஆனால் அந்த டேபிளை முதலில் யாராவது நிரப்பணும். அதோடு தாய்லாந்துக்குப் போனால், 'எங்க ஆளைக் கொடுங்க' என்பதற்கு மேல் கேட்க நம்மிடம் ஏதாவது இருக்கும்.

இன்னொண்ணு, இது நமக்கு. போன மாசம் ஹாஸ்டல் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது ஞாபகம் இருக்கா? சேவிங்ஸ் அக்கவுண்டும் ஏ.டி.எம். கார்டும் கொடுத்தால் கமிஷன் என்று? அந்த வாத்தியார் பணம் மியாவடி போகும் வழியில் முதல் ஹாப் அதுதான். அதுக்கு ஏழு பேர் தம்ஸ்-அப் போட்டிருந்தீங்க. யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த பாங்காக் மெசேஜை நான் டெலிட் பண்ணவில்லை. ஸ்கிரீன்ஷாட், ஐடி எல்லாம் சேர்த்து சைபர் கிரைம் போர்ட்டலில் நேற்று ராத்திரி புகாராகப் போட்டேன். ஒப்புகை எண் வந்திருக்கிறது. எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.