அந்த 24 மணி நேரத்தை யாரைக் கேட்டு வைத்தோம்?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து எங்கள் நகராட்சிக்காக ஒரு புகார்ச் செயலி செய்தோம். எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, சாக்கடை அடைப்பு என எதையும் படம் எடுத்து அனுப்பலாம். மக்களைக் கேட்டே வடிவமைத்தோம் என்பதில் எங்களுக்குப் பெருமை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கூட்டம் போட்டோம். குடியிருப்போர் சங்கத்தினரும் கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: புகாருக்குக் கெடு வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்தோம். தாண்டினால் மேலதிகாரிக்குத் தகவல் போகும்.

இரண்டாம் மாதம் ஒரு தூய்மைப் பணியாளர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீங்க ஒரு நாள்னு போட்டுட்டீங்க. அடைப்பு எடுக்குற வண்டி வர மூணு நாளாகும். நடுவுல மேஸ்திரி யாரைக் குழியில இறங்கச் சொல்வாருன்னு யோசிச்சீங்களா?"

இறங்க மறுத்ததால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிருந்தது.

பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. இதையெல்லாம் மேடையில் பேசியவர்கள்தான் நாங்கள். ஆனாலும் 'பயனர்' என்றதும் எங்கள் மனதில் வந்தவர் புகார் கொடுப்பவர் மட்டுமே. ஏவுபவர் யார், இறங்குபவர் யார் என்று சாதி பிரித்து வைத்ததை அப்படியே செயலிக்குள் ஏற்றிவிட்டோம்.

இந்தப் பார்வை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். பணியாளர் எங்கே நிற்கிறார் என்று அதிகாரிக்குத் தெரியும். எங்கள் ஊரில் அடைப்பு எடுக்கும் வண்டி எங்கே நிற்கிறது என்று பணியாளருக்குத் தெரியாது. கருவி யாரைப் பார்க்கிறது என்பதே அரசியல்.

பிறகுதான் பணியாளர்களுடன் உட்கார்ந்தோம். அவர்கள் வேலை முடிக்கும் நேரத்தில், அவர்கள் கூடும் இடத்தில், அரைநாள் கூலி கொடுத்து. மூன்று கேட்டார்கள். வண்டி வரும்வரை கெடு ஓடக்கூடாது. 'வண்டி இல்லை' என்று பதியும் உரிமை தங்களுக்கு வேண்டும். அந்தப் பதிவு ஊருக்கே தெரிய வேண்டும்.

நிர்வாகம் முதல் இரண்டுக்குத் தலையசைத்தது, மூன்றாவதை ஏற்கவில்லை. அது இல்லாவிட்டால் தாமதத்தின் பழி மறுபடி பணியாளர் தலையில்தான் விழும். செயலியை நிறுத்திவிட்டோம்.

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் தோற்றதை மறைத்தால் அடுத்த குழுவும் இதே கெடுவை வைக்கும். மக்களுக்காக மென்பொருள் எழுதப் புறப்படும் தோழர்களே, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்கு முன், புகார் வந்ததும் வேலைக்கு அனுப்பப்படுவது யார் என்று கேளுங்கள். 'முடியாது' என்று சொல்லும் பொத்தானை முதலில் அவர் கையில் கொடுங்கள்.